ஒரு பொத்தான், ஒரு கட்டம்

இணையக் கடையில் பணம் கட்டும் பக்கம்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பற்றிய பேச்சில் இரண்டு கதைகள் தவறாமல் இடம்பெறும். ஒன்று, பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய 30 கோடி டாலர் பொத்தானின் கதை. மற்றது, பயண முன்பதிவுத் தளமான எக்ஸ்பீடியா நீக்கிய ‘நிறுவனம்’ என்ற கட்டத்தின் கதை. தனித்தனியே சொல்கிறவர்கள் இரண்டுக்கும் ஒரே பாடம் சொல்வார்கள்: படிவத்தைச் சுருக்கு. அருகருகே வைத்தால் அது பாதிப் பாடம்தான் என்று தெரிகிறது.

வெளியேறிய இடம் இரண்டிலும் பணம் கட்டும் கட்டம்வரை வந்த பின்புதான். வெளியேறியவர்களும் வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்களே. பகுப்பாய்வுக் கருவி இருவரையும் ஒரே தலைப்பின்கீழ் எண்ணியிருக்கும். காரணங்களோ நேரெதிர்.

ஸ்பூல் பெயர் சொல்லாத அந்தக் கடையில், கூடைக்கும் பணத்துக்கும் நடுவே ‘பதிவு செய்க’ என்ற பொத்தான் இருந்தது. ஆய்வாளர்கள் அருகிலிருந்து பார்த்தபோது, பொருள் வாங்க வந்த இடத்தில் உறவு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களே என்று புதியவர்கள் எரிச்சலடைந்தனர். போனவருக்குத் தாம் ஏன் போனோம் என்பது நன்றாகத் தெரியும். எக்ஸ்பீடியாவில் போனவருக்கு அது தெரிய வழியே இல்லை. விரும்பினால் நிரப்பலாம் என்றிருந்த கட்டத்தைச் சிலர் தங்கள் வங்கியின் பெயருக்கானது என்று எடுத்துக்கொண்டனர். அடுத்து வங்கியின் முகவரியையே எழுதினர். கடன் அட்டைக்குரிய வீட்டு முகவரியோடு அது பொருந்தாமல் பரிவர்த்தனை தோற்றது. அவர்களைக் கேட்டிருந்தால், ‘தளம் சரியில்லை’ என்பதற்குமேல் என்ன சொல்லியிருக்க முடியும்?

ஆக, முன்னதைக் கண்டது கண். பின்னதைக் கண்டது தோற்ற பரிவர்த்தனைகளின் தரவு. ஆனால் இரண்டும் தனியே நிற்கவில்லை. ஸ்பூல் குழுவினர் தரவுத்தளத்தையும் புரட்டினர். வாடிக்கையாளர்களில் 45 சதவீதத்தினர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தனர். நாளொன்றுக்கு 1,60,000 பேர் மறந்த கடவுச்சொல்லைக் கேட்டனர். கேட்டவர்களில் 75 சதவீதத்தினர் வாங்கும் முயற்சியையே கைவிட்டனர். மறுபடி வருபவரின் வசதிக்காக வைத்த பதிவு, மறுபடி வந்தவரையே வெளியே நிறுத்தியது! எக்ஸ்பீடியாவிலோ தரவு தோல்வியைத்தான் காட்டும். அந்தக் கட்டத்தில் ஒருவர் வங்கியின் பெயரை என்ன நினைத்து எழுதியிருப்பார் என்பதை மனிதர்தான் ஊகிக்க வேண்டும்.

இங்கேதான் எதிர்பாராத உறவு தெரிகிறது. ஒன்று உதவி என்று வைக்கப்பட்டது, மற்றது கட்டாயமில்லை என்று விடப்பட்டது. இரண்டின்மீதும் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

பொத்தான் ‘தொடர்க’ என்று மாறி, கணக்குத் தொடங்கத் தேவையில்லை என்ற குறிப்பும் சேர்ந்ததும் வாங்குவோர் 45 சதவீதம் கூடினர். (முன் சொன்ன 45-உடன் இது ஒத்திருப்பது தற்செயல்.) முதலாண்டில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர். கட்டம் நீங்கியதால் எக்ஸ்பீடியாவுக்கு ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் லாபம். விற்பனையும் லாபமும் ஒரே தராசில் ஏறா. எனவே எது பெரியது என்று கேட்பதில் பொருளில்லை.

எது கடினம் என்று கேட்டால், எக்ஸ்பீடியாவின் கதைதான் என்பேன். எரிச்சலடைந்தவர் கேட்டால் சொல்வார். காரணம் அறியாமல் தடுக்கப்பட்டவரிடம் சொல்ல எதுவும் இராது. கருத்துக்கணிப்பை மட்டும் நம்பும் தளங்கள் இந்த இரண்டாமவரைக் காணப்போவதில்லை.