இரண்டு கப்பலில் ஒரு கடிதம்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுடைய கோட்டை எங்கே இருந்தது என்று யாராவது கை நீட்டிக் காட்டினால்தான் தெரியும். முட்புதரும், மேடும் பள்ளமும், அகழியின் தடமும்தான் மிச்சம். 1613-ல் கட்டிய கோட்டை. கெல்டிரியா என்று தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரை அதற்கு வைத்தார்கள். சோழமண்டலக் கரை முழுவதிலும் அவர்கள் நடத்திய வியாபாரத்துக்கு வெகு காலம் அதுவே தலைமைப் பீடம். வெடிமருந்து அரைத்தார்கள், நாணயம் அடித்தார்கள், சாயத் துணிகளை மூட்டை கட்டி ஜாவாவுக்கு அனுப்பினார்கள். கல்லும் சுண்ணாம்பும் போய்விட்டன. ஆனால் அந்தக் கோட்டைக்குள் உட்கார்ந்து குமாஸ்தாக்கள் எழுதிய காகிதம் போகவில்லை. எந்த வருஷம் எந்தக் கப்பல் வந்தது, என்ன ஏற்றியது, எவ்வளவு பணம் பாக்கி நின்றது என்பதையெல்லாம் இன்றைக்கும் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

இது ஆச்சரியமான சங்கதி. இடிந்தாலும் சுவராவது நிற்கும், காகிதம் நிற்காது என்பதுதானே நம் அனுபவம்? இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது. காரணத்தைத் தேடிப் போனால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. டச்சுக் கம்பெனிக்காரர்கள் எதையும் ஒரே படியாக வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

1602-ல் ஆரம்பித்து, 1799-ன் கடைசியோடு கலைந்துபோன கம்பெனி அது. ஹாலந்திலிருந்து ஜாவாவிலுள்ள பத்தேவியா பட்டணத்துக்குப் போய்ச் சேர ஏழெட்டு மாதம் ஆகும். நடுவில் புயல் உண்டு, பாறை உண்டு, போர்த்துகீசியர் உண்டு. கடலை நம்பிக் கணக்கை அனுப்ப முடியுமா? ஆகையால் பழவேற்காட்டில் எழுதிய கடிதத்துக்குப் பழவேற்காட்டிலேயே ஒரு நகல், பத்தேவியாவுக்கு ஒன்று. பத்தேவியாவில் அதைப் பார்த்து மறுபடியும் நகல் எடுத்து, ஒன்று ஆம்ஸ்டர்டாம் சபைக்கு, ஒன்று ஸீலாந்துச் சபைக்கு. அவையும் ஒரே கப்பலில் ஏறா. வேறு வேறு கப்பலில் போகும். ஒரு கப்பல் முழுகினாலும் மற்றொன்றில் செய்தி போய்ச் சேரவேண்டும். இங்கிலீஷ் கம்பெனிக்காரர்களும் பின்னால் இப்படித்தான் செய்தார்கள். இறகுப் பேனாவைப் பிடித்துக்கொண்டு, நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காகிதத்தில் சொட்டாமல், ஒரே கடிதத்தை மூன்றாம் முறை எழுதிய அந்தக் குமாஸ்தாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. சம்பளமும் சொற்பம். ஆனால் பழவேற்காட்டின் சரித்திரம் அவர் கைவலியில்தான் உயிர் பிழைத்திருக்கிறது.

கோட்டை 1825-ல் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. காகிதங்களுக்கும் ஆபத்து வராமல் இல்லை. கம்பெனி கலைந்தபின், 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஹாலந்திலேயே அந்தக் கட்டுகளில் ஒரு பகுதியைப் பழைய காகிதமாக எடை போட்டு விற்றுவிட்டார்கள். புயலுக்கும் போர்த்துகீசியருக்கும் தப்பி வந்தது, தராசுக்குத் தப்பவில்லை. ஆனாலும் ஓர் இடத்துக் கட்டில் விட்டுப்போனதை இன்னோர் இடத்துக் கட்டில் தேடிப் பார்க்க வழி இருந்தது. ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், நமது சென்னை ஆகிய ஊர்களில் மிஞ்சியிருக்கும் கம்பெனி ஆவணங்கள் சுமார் இரண்டரைக் கோடிப் பக்கம். 2003-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

நம்மவர்களுக்குப் படி எடுக்கத் தெரியாதா என்று கேட்கலாம். நன்றாகத் தெரியும். ஓலைக்கு ஆயுள் உண்டு. நம் நாட்டுச் சீதோஷ்ணத்தில் பூச்சியும் ஈரமும் தின்றது போக, சில தலைமுறைதான் தாங்கும். ஆகையால் திருப்பி எழுதிக்கொண்டே இருந்தால்தான் ஏட்டில் இருப்பது நிலைக்கும். எழுதினார்கள், பிறகு ஒரு தலைமுறை எழுதவில்லை. பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டதையும், ஹோமத்தில் ஆகுதியாகப் போட்டதையும் உ. வே. சாமிநாதையர் கேட்டு மனம் பதைத்து எழுதியிருக்கிறார். அவர் ஒரு நூலைப் பதிப்பிக்க ஊர் ஊராக அலைந்து பல பிரதிகளைச் சேர்த்தது எதற்காக? ஒரு பிரதியில் செல்லரித்த இடத்தை இன்னொரு பிரதி சொல்லும் என்பதற்காகத்தான்.

1981-ல், மே 31-ந் தேதி இரவு ஆரம்பித்து, யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அச்சுப் புத்தகம் எரிந்தால் வேறு ஊரில் இன்னொன்று இருக்கும். வேறு படியில்லாத ஏட்டுச்சுவடி எரிந்தால் எரிந்ததுதான். அந்தத் துயரத்தை அனுபவித்த சமூகம் 2005-ல் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு முயற்சி தொடங்கி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் கம்ப்யூட்டரில் படமாகப் பிடித்து வைத்துக்கொண்டு வருகிறது.

இந்தப் பழங்கதைக்கும் நம் வீட்டு மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்றால், நாம் எல்லோரும் மறுபடி ஓலைச்சுவடிக் காலத்துக்கு வந்துவிட்டோம் என்பதுதான் என் அபிப்பிராயம். அந்தப் பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் என்று ஒன்று இருக்கிறது. தட்டு, நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 சுற்றுச் சுற்றும். அதன்மேல் ஒரு சிறு முனை, தட்டைத் தொடாமல் மிதந்தபடி, எழுதவும் படிக்கவும் செய்கிறது. முனைக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. முனை தட்டில் உரசிவிட்டால், உரசின இடத்தில் இருந்தது போயிற்று. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதல் செய்த இயந்திரத்தில், வண்டிச் சக்கரம் போல 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. 50 லட்சம் எழுத்துதான் அதில் கொள்ளும். இன்று நகக்கண் அளவுச் சில்லில் அதைப் போல் பல ஆயிரம் மடங்கு கொள்கிறது. ஆகவே நஷ்டமும் அந்த அளவுக்குப் பெருகியிருக்கிறது. தட்டே இல்லாத புது மாதிரிச் சில்லுகள் வந்துவிட்டன, அவை உரசமாட்டா. ஆனால் 'டக் டக்' என்று சத்தம் போட்டு எச்சரிக்கவும் மாட்டா. ஒரு நாள் பேசாமல் நின்றுவிடும்.

ஏரிக்கரை ஊர்களில் இதற்கெல்லாம் மேல் உப்புக் காற்று. செம்பு முனைகளில் பச்சை பூத்துவிடும். மின்சாரம் போய்ப் போய் வரும். தட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் பாதி எழுதியது பாதியாகவே நிற்கும்.

நாவல் ஒன்றுக்குக் குறிப்புச் சேர்க்க அந்தப் பக்கம் போயிருந்தபோது, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். செம்படவக் குப்பங்களில் வழங்கும் சொற்களைப் பதினோரு வருஷம் சேகரித்தவர். வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றின் பெயர்கள், வலையின் பெயர்கள், மீன் குஞ்சு வளர வளர மாறுகிற பெயர்கள் எல்லாவற்றையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் தாமே தட்டி வைத்திருந்தார். நோட்டுப் புத்தகங்களைக் கரையான் தின்றபோதுகூட, 'கம்ப்யூட்டரில் இருக்கிறதே' என்று கவலைப்படவில்லையாம். ஒரு நாள் பெட்டி எழுந்திருக்கவில்லை. பக்கத்து டவுனில் ரிப்பேருக்குக் கொடுத்தார்.

"என்ன சார் ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகல்லே சார். 'புதுசாக்கிக் குடுத்துட்டேன் ஐயா'ன்னான் அந்தப் பையன். புதுசாத்தான் இருந்துது. உள்ளே ஒண்ணுமே இல்லே" என்றார். அவர் சிரித்தபடி சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பையன்மேல் கோபித்து என்ன பயன்? பெட்டியை எழுப்பச் சொன்னார்கள், எழுப்பினான். கெட்டுப்போன தட்டிலிருந்து எழுத்தை மீட்பது வேறு தொழில். தூசி புகாத அறையில் திறந்து பார்க்கிறவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள், கூலியும் அதிகம். இது தெரியாமல் நாம் பெட்டியை மறுபடி மறுபடி இயக்கிப் பார்க்கிறோம். ஒவ்வொரு தடவையும் முனை இன்னும் கொஞ்சம் சுரண்டுகிறது. சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுவதுதான் புத்தி. அழித்துவிட்ட எழுத்துகூட உடனே அழிவதில்லை; அதன் இடத்தைக் காட்டுகிற குறிப்புத்தான் போகிறது. அதன்மேல் புதிதாக எதையாவது எழுதும்போதுதான் நிஜமாகவே போகிறது. அந்தப் பையன் எழுதினது அப்படித்தான்.

ஆசிரியருக்கு மிஞ்சியது ஒன்று உண்டு. பழைய மாணவி ஒருத்தி பள்ளி விழாவுக்காக அவரிடம் சுமார் நாற்பது பக்கம் அச்செடுத்து வாங்கிப் போயிருந்தாள். கல்யாணமாகித் திருவொற்றியூருக்குப் போனபோது அதையும் எடுத்துப் போயிருக்கிறாள். அவள் அனுப்பிய ஜெராக்ஸ் நகலைத்தான் எனக்குக் காட்டினார். கேட்காமல் செய்த உபகாரம்.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கில்லை. 1998-ல் அமெரிக்காவில் பிக்ஸார் ஸ்தாபனத்தில் 'டாய் ஸ்டோரி' இரண்டாம் படத்தை யாரோ தவறான கட்டளை கொடுத்து அழித்துவிட்டார்கள். காப்புப் படி இருக்கிறதே என்று போனால், சில வாரங்களாக அது சரியாக வேலையே செய்யவில்லை. யாரும் திறந்து பார்க்கவில்லை! கடைசியில், குழந்தை பிறந்து வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்த காலின் ஸஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அதைக் கம்பளி சுற்றிக் காரில் வைத்து ஜாக்கிரதையாகக் கொண்டுவந்தார்களாம்.

வேண்டியது இன்னது என்று பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்: மூன்று படி, இரண்டு விதமான சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில். இதைக் கேட்டதும் எனக்குப் பழவேற்காடு, பத்தேவியா, ஆம்ஸ்டர்டாம் என்றுதான் ஞாபகம் வந்தது. வேறு இடத்தில் என்பது முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீடுகளில் கம்ப்யூட்டரும், அதன் நகல் வைத்த சிறு பெட்டியும் ஒரே அலமாரியில் சேர்ந்து நனைந்தன! 2017 மே மாதம் 'வானாகிரை' என்ற நச்சு நிரல் உலகமெங்கும் பரவி எழுத்தையெல்லாம் பூட்டிப் பணம் கேட்டது. இம்மாதிரி நிரல், கம்ப்யூட்டரோடு செருகி வைத்திருக்கிற பெட்டியையும் விடாது. நகல் எடுத்ததும் கழற்றி வைக்கவேண்டும். இணையத்தில் தானாகவே சேர்கிறதே என்று இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிற ஏற்பாடு கண்ணாடிப் பிம்பம்தான்; படி ஆகாது. நான் என் எழுத்தை அச்செடுத்தும் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்புகிற ராக்கெட்டில்கூட வழிகாட்டும் கருவியில் ஒன்று கெட்டால் இன்னொன்று என்றுதான் வைத்திருக்கிறார்கள். இக்கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊர்க் கூட்டத்தில் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். வாதம் வந்தால், சீட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்த அத்தனை பேரும் சாட்சி. ஓர் ஊரின் தலைக்கட்டு எத்தனையோ, கிட்டத்தட்ட அத்தனை படி! தலைமுறை தலைமுறையாக இது நடந்துவருகிறது. ஆனால் இளைஞர்கள் வலையை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போகப் போக, படிகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. ஆசிரியர் பதினோரு வருஷம் எழுதியது இதைத்தான்.

டச்சுக் காகிதங்களிலும் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. 17-ம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் வந்த வருஷங்களில், இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். துணி மூட்டைக்கு நிறம், நீளம், ஊர் எல்லாம் எழுதிய குமாஸ்தா, இவர்களுக்குப் பெரும்பாலும் தொகையை மட்டும் எழுதினார். இரண்டு கப்பலில், இரண்டு படியாக, அந்தத் தொகைதான் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

இப்போது ஹாலந்தில் அந்தக் கையெழுத்துப் பக்கங்களில் சுமார் 50 லட்சத்தைக் கம்ப்யூட்டரே படித்து அச்செழுத்தாக மாற்றும் வேலை நடக்கிறது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டைப் 'பலியாகாட்டா' என்கிற மாதிரி எழுதுவார்கள். அந்தப் பெயரைக் கொடுத்துத் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. ஆசிரியரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவருடைய பேரன் தன் கைபேசியில் தேடிக் காட்டினான். கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதிலே ஆள் பேர் ஏதாவது வருதாடா?" என்று கேட்டார்.

"கப்பல் பேருதான் தாத்தா வருது" என்றான் பையன்.