சீனியரின் கையெழுத்து

பி.எல். தேறிய கையோடு கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு நீதிபதி முன் நிற்பது பழைய சென்னையில் நடக்காத காரியம். முதலில் பேர்பெற்ற ஒரு வக்கீலின் ஆபீசில் அப்ரண்டிஸாகச் சேர வேண்டும். கட்சிக்காரர் சொல்வதை ஓரமாக உட்கார்ந்து கேட்டு, மனு எழுதிப் பழகி, முன்தீர்ப்புகளைத் தேடி எடுத்துக் கொடுத்துத்தான் தொழில் கைக்கு வந்தது. மலபாரிலிருந்து வந்த சங்கரன் நாயர் இப்படி ஹொரேஷியோ ஷெப்பர்ட் என்ற வெள்ளைக்காரரிடம் பயின்று, 1880-இல் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். இந்திய வக்கீல்கள் இனி எந்த ஆங்கிலேய பாரிஸ்டருக்கும் ஜூனியராக நிற்கக் கூடாது என்று சென்னை வக்கீல்கள் தீர்மானம் போட்டபோது, நாயர் ஆதரிக்க மறுத்தார். சக வக்கீல்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். யாருக்கு யார் சீனியர் என்பது அன்று அவ்வளவு பெரிய மானப் பிரச்சினை. அந்த நாயரே பின்னாளில் காங்கிரஸ் தலைவராகவும் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் ஆனார். ஆனால் அவரை வளர்த்த ஏற்பாட்டுக்கு ஆயுள் அத்தனை கெட்டியாக இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், இந்த வழக்கத்தை நாடு முழுமைக்குமான விதியாக்கியது. பட்டத்துக்கு மேல் ஒரு பயிற்சி, அதன் முடிவில் ஒரு தேர்வு, இரண்டையும் மாநில பார் கவுன்சில்களே வகுக்க வேண்டும் என்றது. பன்னிரண்டே ஆண்டுகளில், 1973-இல், நாடாளுமன்றம் அந்தப் பிரிவை அப்படியே நீக்கியது. பட்டதாரிகள் சேரும் மூன்றாண்டுத் தொழிற்படிப்பாகச் சட்டக் கல்வி மாறிவிட்டதால் தனியாகப் பயிற்சி வேண்டாம் என்பது சொல்லப்பட்ட காரணம். பட்டம் வாங்கியவர் மறுநாளே வக்காலத்து போடலாம் என்ற நிலை வந்தது.

விசித்திரம் என்னவென்றால், அதே காலத்தில் அமெரிக்கா நேர் எதிராக நடந்தது. வக்கீல் வைக்க வசதியில்லாத, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று கிளாரன்ஸ் கிடியன் வழக்கில் 1963-இல் தீர்ப்பானது. சிறையிலிருந்தபடி கிடியன் பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவில் பிறந்த தீர்ப்பு அது. இத்தனை ஏழைகளுக்கு எங்கிருந்து வக்கீல் கிடைப்பார்கள்? படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களையே சான்றளித்து, ஒரு வழக்கறிஞரின் மேற்பார்வையில் நீதிமன்றத்தில் பேசவிடும் மாதிரி விதியை அமெரிக்க பார் அசோசியேஷன் 1969-இல் வகுத்தது. அங்கே மாணவனுக்கே ஒரு சீனியர் துணை நின்றார். இங்கே பட்டம் பெற்றவர் தனியாக விடப்பட்டார்.

அதன் சுமையைத் தூக்கியவர்கள் சாதாரணக் கட்சிக்காரர்கள். பட்டாவில் பேர் மாற, எல்லைத் தகராறு தீர என்று ஏற்காட்டின் மஞ்சக்குட்டை போன்ற மலையூர்களிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் நீதிமன்றத்துக்கு இறங்கி வருகிறவர்களுக்குப் பெரிய சீனியரின் கட்டணம் எட்டாது. அவர்களுக்குக் கட்டுப்படியாவது நேற்று பதிவுசெய்த ஜூனியர்தான். அவர் கற்றுக்கொள்வது அவர்களுடைய நிலத்தை வைத்துத்தான். இந்த நியாயமின்மை மேலிடத்தின் கண்ணில் பட இருபது ஆண்டுகள் ஆயின.

1994-இல் நீதிபதி அஹ்மதி குழு, பயிற்சி திரும்ப வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே இந்திய பார் கவுன்சில் விதி வகுத்தது: பதிவுக்கு முன் ஒரு வழிகாட்டியிடம் ஓராண்டுப் பயிற்சி. அதுவரை சீனியர் சார்பில் வாய்தா கேட்கலாம், வழக்கைக் குறிப்பிடலாம், அவ்வளவே. பழைய அப்ரண்டிஸ் உயிர்த்தெழுந்துவிட்டான் என்றே தோன்றியது. ஆனால் வி. சுதீர் வழக்கில் 1999 மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. நாடாளுமன்றம் 1973-இல் எடுத்துவிட்டதைப் பார் கவுன்சில் தன் விதியால் திரும்பக் கொண்டுவர முடியாது என்றது தீர்ப்பு. பயிற்சி தேவை என்பதை அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டதுதான் வேதனை. கதவு சாத்தப்பட்டது. அதைத் திறந்துவிட்டது யாரும் எதிர்பாராத ஒரு வழக்கு.

மத்தியப் பிரதேசத்தின் பானி ஃபோய் சட்டக் கல்லூரியின் அங்கீகாரம் பற்றிய சண்டை அது. கல்லூரியின் வசதிகளில் தொடங்கிய விசாரணை, சட்டக் கல்வியின் தரம் எங்கே போகிறது என்ற கேள்வியில் போய் நின்றது. அந்தச் சூட்டில், கோபால் சுப்பிரமணியம் தலைமையிலிருந்த பார் கவுன்சில் 2010-இல் அகில இந்தியத் தேர்வைக் கொண்டுவந்தது. எதிர்ப்புகளுக்கு நடுவே, முதல் தேர்வு 2011 மார்ச் 6 அன்று நடந்தது. தேறியவருக்குத் தொழில் செய்யச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் 1999-இன் தீர்ப்பு உயிரோடு இருக்கும்வரை இதன் தலைக்கு மேலும் கத்திதான்.

அந்தக் கத்தி 2023 பிப்ரவரி 10 அன்று விலகியது. நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான ஐவர் அமர்வு, சுதீர் தீர்ப்பு சரியான சட்டமல்ல என்றது. தேர்வு நடத்தும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு உண்டு என்றது. நீதிமன்றத்துக்கு உதவ வந்து வாதாடியவர் பொள்ளாச்சிக்காரர், கோவை சட்டக் கல்லூரியில் படித்த கே.வி. விஸ்வநாதன். இறுதிப் பருவத்து மாணவர்களும் தேர்வெழுதலாம் என்ற அவருடைய யோசனையை அமர்வு ஏற்றது. மூன்று மாதங்களில் அவரே உச்ச நீதிமன்ற நீதிபதியானார். ஆனாலும் 2024 செப்டம்பரில் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்ட பிறகே மாணவர்களுக்கு வழி பிறந்தது.

1961-இல் இரண்டாக இருந்ததில் தேர்வு இப்படித் திரும்பியது. சீனியரிடம் உட்காரும் காலம் மட்டும் அப்போது திரும்பவில்லை. பின்னர் அதுவும் வேறொரு வாசல் வழியாக வந்தது. உரிமையியல் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்க மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் விதித்தது. பார் தேர்வு முடிவுக்குக் காத்திராமல், தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அந்த ஆண்டுகளைக் கணக்கிடலாம் என்றது. அனுபவத்துக்குச் சான்றாக ஏற்கப்பட்டவற்றில் ஒன்று, குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் கையெழுத்திட்டு, மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் மேலொப்பமிட்ட கடிதம்.