அறுபது காசும் ஒரு வைர மோதிரமும்

அத்தியாயம் 14

2015 ஏப்ரல் 1, மலேசியா. பினாங்கு லிட்டில் இந்தியாவானாலும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸானாலும், பத்து ரிங்கிட் டாப்-அப் கார்டு இனி பத்து ரிங்கிட் அறுபது காசு. பொருள், சேவை வரியான ஜி.எஸ்.டி. வந்துவிட்டது, ஆறு சதவிகிதம். அரிசிக்கும் சமையல் எண்ணெய்க்கும் வரி இல்லை என்று அரசு சொன்னது உண்மைதான். ஆனால் கூலி வேலைக்காரருக்குக் கைபேசிதான் அடுத்த நாள் வேலை. அந்த அறுபது காசு உறுத்தியது.

இரண்டே நாளில், ஏப்ரல் 3 அன்று, கோலாலம்பூர் நீதிமன்றத்தில் ஒரு கேலிச்சித்திரக்காரர் நிறுத்தப்பட்டார். ஸுல்கிஃப்ளீ அன்வார் உல்ஹாக். ஊருக்கெல்லாம் சுனார். எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிமின் சிறைத் தண்டனை உறுதியான பிப்ரவரி 10 அன்று, நீதித்துறையைச் சாடி ட்விட்டரில் எழுதியதற்குத் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள். அத்தனையும் நிரூபணமானால் 43 ஆண்டு சிறை. ஐம்பதைத் தாண்டிய மனிதருக்கு அது ஆயுள் தண்டனையேதான்.

அவர் வரைவதை நிறுத்தவில்லை.

ஜூலையில் குண்டு விழுந்தது. பிரதமர் நஜீப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்கில் சுமார் 260 கோடி ரிங்கிட் வந்து சேர்ந்ததாக வெளிநாட்டுப் பத்திரிகை எழுதியது. நிதியமைச்சரும் அவரே. அந்தப் பணத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்.டி.பி.யின் ஆலோசனைக் குழுத் தலைவரும் அவரே. சொந்த லாபத்துக்கு எதையும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். அது சவூதி அரச குடும்பத்தின் நன்கொடை, குற்றம் ஏதுமில்லை என்று 2016 ஜனவரியில் சட்டத்துறைத் தலைவரும் கோப்பை மூடினார். அதே 2016-இல் ஜி.எஸ்.டி. வசூல் சுமார் 4,100 கோடி ரிங்கிட்.

இவ்வளவு பெரிய தொகை சாதாரண மனிதர் மனத்தில் தங்காது. சுனார் தங்க வைத்தார். அவர் படங்களில் நஜீப் சிறுத்துப் போவார். பக்கத்தில் கோபுரக் கொண்டையோடு மனைவி ரோஸ்மா, விரலில் கண்ணைப் பறிக்கும் பெரிய வைர மோதிரம். தன் அறுபது காசு எங்கே போகிறது என்று சந்தேகப்பட்டவனுக்கு அந்த விரல் ஒரு முகவரியைக் காட்டியது. அச்சகங்களையும் புத்தகக் கடைகளையும் அதிகாரிகள் எச்சரித்ததால், தன் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து அச்சிடலாம் என்று அறிவித்தார். ஒரு கலைஞன் தன் பிழைப்பையே பொதுச்சொத்தாக எழுதி வைப்பது சின்னக் காரியமா?

2016 அக்டோபரில் சிங்கப்பூர் கிளம்பியவரை விமான நிலையத்திலேயே தடுத்தார்கள். நாட்டை விட்டு வெளியேறத் தடை. உள்ளூரிலாவது இடம் உண்டா? உண்டு, பினாங்கில். 2008 முதல் எதிர்க்கட்சி ஆண்ட மாநிலம் அது. நவம்பர் 25, ஜார்ஜ் டவுன் இலக்கிய விழாவையொட்டி கொம்தார் கட்டடத்தில் அவர் படங்கள் சுவரேறின.

நஜீப்பின் அம்னோ கட்சி இளைஞர் பிரிவினர் என்று சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம் அன்றே புகுந்தது. கண்காட்சியை மூடு என்று கூச்சல். படங்கள் சேதப்பட்டன. மறுநாள் போலீஸ் வந்தது. கலகம் செய்தவர்களைத் தேடி அல்ல. படங்களைப் பறிமுதல் செய்து சுனாரைக் கைது செய்தார்கள். மீண்டும் அதே தேச நிந்தனைச் சட்டம், 1948-இல் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போனது.

பதினேழு மாதங்கள் கழித்து, 2018 மே 9 அன்று, பொதுத்தேர்தலில் அம்னோ தலைமையிலான அறுபது ஆண்டு ஆட்சி ஒரே இரவில் சரிந்தது. பினாங்கு முதல்வராக இருந்த லிம் குவான் எங் நாட்டின் நிதியமைச்சரானார். ஜூன் 1 முதல் ஜி.எஸ்.டி. பூஜ்யம்.

அதற்குள் மே 18 விடிவதற்கு முன்பே, நஜீப் குடும்பத்தோடு தொடர்புடைய கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளிலிருந்து போலீஸ் லாரிகளில் 284 பெட்டிகள் ஏறின. கூடவே 72 பைகள். எல்லாவற்றையும் எண்ணி மதிப்பிட ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. ஜூன் 27 அன்று போலீஸ் அந்தப் பட்டியலை வாசிக்க உட்கார்ந்தபோது, சுனார் மீதிருந்த ஒன்பது குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூட இன்னும் கைவிடப்படவில்லை.

பட்டியலில் என்ன இருந்தது?

(தொடரும்)