குடுமிக் கதவும் கீல் கதவும்: தமிழக மரக்கதவின் கட்டுமான வரலாறு

தமிழக மரக்கதவுகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவற்றின் செதுக்கு வேலைப்பாட்டையே பேசுகின்றன. கசலட்சுமி, அன்னம், கொடிக்கருக்கு ஆகியவற்றை விரிவாகக் கூறும் அவை, கதவு எவ்வாறு நிலையில் பொருத்தப்பட்டுள்ளது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஒரு கதவின் வரலாற்றை அறிய அதன் உருவங்களைவிடப் பொருத்துமுறையே உறுதியான சான்றாகும். செதுக்குருவைப் பிற்காலத்தவர் பார்த்துச் செய்யலாம்; பொருத்துமுறையோ நிலை, சுவர், படி ஆகிய மூன்றையும் சார்ந்தது.

கட்டுமானம் பற்றிய பழைய விளக்கம் நக்கீரரின் நெடுநல்வாடையில் உள்ளது. பருத்த இரும்பால் பிணித்து, செவ்வரக்குப் பூசப்பெற்ற இரட்டைக் கதவு அங்குக் கூறப்படுகிறது. கைதேர்ந்த தச்சன் இடைவெளியின்றி முடுக்கி இணைத்தமையும், உத்தரம் என்னும் மேல்மரம் நாண்மீனின் பெயர் பெற்றமையும், நிலையில் நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பியமையும் உடன் இடம்பெறுகின்றன. நிலைவாசலுக்கு இன்றும் மஞ்சளும் குங்குமமும் இடும் வழக்கத்தை இதனோடு ஒப்பிடலாம்.

மரபான கதவில் கீல் இல்லை. சுழலும் பக்கத்து நெடுஞ்சட்டத்தின் இரு முனைகளும் குடுமிகளாக நீட்டப்படும். கீழ்க்குடுமி படியில் குடைந்த குழியிலும், மேற்குடுமி உத்தரத்தை ஒட்டிய துளையிலும் அமரும். கதவின் எடை நிலைக்காலில் தொங்காமல் படியில் இறங்குவதால், கனத்த தேக்குப் பலகைகளைக் கழுந்தும் துளையுமாக இணைத்த கதவையும் நிலை தாங்கியது. வெளியிலிருந்து கழற்றத்தக்க ஆணி எதுவும் இல்லாமையால் பாதுகாப்பும் கிட்டியது. தேய்மானம் கீழ்க்குடுமியிலேயே குவிந்தது இதன் குறை. அது தேய்ந்தால் கதவு தாழ்ந்து படியில் உரசும்.

இரும்புக் கீலின் வரவு இவ்வுறவை மாற்றியது. எடை திருகாணிகளுக்கு மாறவே, கதவு மெலிய வேண்டியதாயிற்று. தடித்த பலகைக்கு மாற்றாகச் சட்டங்களுக்கிடையே மெல்லிய பலகை செருகிய கதவு பரவியது.

மரத்தின் கிடைப்பும் வட்டார வேறுபாட்டிற்கு ஒரு காரணம். செட்டிநாட்டு மாளிகைகளுக்கு நகரத்தாரின் வணிகத் தொடர்பால் பர்மாத் தேக்கு கடல்வழி வந்தது. 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வழி அடைபட்டது. கொங்கு நாட்டிற்கோ தேக்கு அருகிலேயே இருந்தது. அமராவதி நகரை அடுத்து விரியும் ஆனைமலைக் காடுகளில் வெட்டிய மரங்களை மலையிலிருந்து சறுக்கிவிட்டதாலேயே டாப்சிலிப் என்ற பெயர் ஏற்பட்டது. எனினும், அருகில் விளைந்த மரமெல்லாம் அருகிலுள்ள வீடுகளுக்கே வந்தது எனக் கொள்ளுதல் பிழை. ஆனைமலைத் தேக்கு கப்பல் கட்டவும் இருப்புப்பாதைக்கும் சென்றது.

இன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகள் விற்பனைக்கு நிற்கின்றன. கதவைத் தனியே பெயர்த்தெடுக்கும்போது குடுமி அறுபடுகிறது. படி சுவரோடு உடைகிறது. வாங்குவோர் புதிய நிலையில் கீல் அடித்து மாட்டுகின்றனர். செதுக்கு வேலை தப்பிவிடுகிறது. குடுமிக்குழியின் ஆழமும் தேய்வும் அளக்கப்படாமலேயே இடிபாட்டோடு போகின்றன. எனவே, கள ஆய்வு செய்வோர் ஒளிப்படத்தோடு நிறுத்தாமல், வீடு நிற்கும்போதே படியையும் உத்தரத்தையும் அளந்து வரைதல் வேண்டும்.