நோயாளியின் கட்டிலருகே ஒரு வரலாறு

தொண்டைமான் மன்னராட்சியில், 1910-ஆம் ஆண்டு உருவான புதுக்கோட்டை அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. சமஸ்தானத்தின் பழமையை அங்கே கண்ணாரக் காணலாம். ஆனால், எந்த அருங்காட்சியகத்திலும் இடம்பெறாத வரலாறு ஒன்றுண்டு. நோயுற்ற பெற்றோருக்கு வீட்டில் இரவு பகலாய்ப் பணிவிடை செய்தோரின் வரலாறே அது.

அதே புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவராயிருந்தும் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரமே 1954-இல், 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையமாய் உருவெடுத்தது. எனினும், மருத்துவமனையிலிருந்து நோயாளி திரும்புவது வீட்டுக்குத்தானே? அங்கே அவரைப் பேணுவது எவ்வாறு?

இதைப் பற்றி முன்னரே சிந்தித்தவர் இங்கிலாந்தின் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1859-இல் செவிலியப் பணி குறித்து அவர் எழுதிய நூல், வீட்டில் பிணியாளரைப் பேணும் பெண்களை எண்ணியே எழுதப்பெற்றது. தாம் அருகிருந்து செய்வது, தாம் இல்லாத வேளையிலும் தவறாது நடைபெற ஒழுங்கு செய்தல் வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். அன்பு மட்டும் போதாது. ஏற்பாடும் வேண்டும் என்பதே அதன் சாரம்.

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் தோன்றிய வலி தணிப்பு இயக்கம், நாளடைவில் அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்து நோயாளிகளின் இல்லங்களுக்கு அனுப்பியது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளும், இயன்முறைச் சிகிச்சையும், வலி தணிப்புச் சிகிச்சையும் அதன்வழி வீட்டு வாயிலுக்கே வந்தன.

நோயாளியை நலம் விசாரிப்பதைக் கடமையாய்க் கொண்டது நம் சமுதாயம். வந்து, துஆச் செய்து திரும்புவோர் பலர். இரவில் விழித்திருப்பவரோ பெரும்பாலும் ஒரு மகள் அல்லது மருமகள். அவர் சோர்ந்து விழுந்தால் வீட்டில் நோயாளிகள் இருவராவர்!

ஆகவே குடும்பத்தார் கூடியமர்ந்து முதலிலேயே முடிவு செய்தல் நலம். மருந்தும் வேளையும் ஒரே குறிப்பேட்டில் இருக்கட்டும். இரவுக் காவலை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். படுக்கையிலேயே கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண்ணைப் பெரிதும் தவிர்க்கலாம். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். நலம் விசாரிக்கச் செல்லும் நாமும் ஒரு பொழுதேனும் அக்கட்டிலருகே அமர்ந்து, விழித்திருந்தவரை உறங்கச் செய்வோமாக!