சக்கரங்களின் மேல் ஒரு முதுமை

ஓய்வு பெற்றதும் சொந்த வீட்டை விற்றுவிட்டு ஒரு வண்டியில் குடியேறும் முதியவர்கள் அமெரிக்காவில் உண்டு. படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஆர்.வி. எனப்படும் இவற்றுள் சில பஸ்ஸைப் போலத் தாமே ஓடும். சிலவற்றைக் காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்வார்கள். குளிர்காலத்தில் தெற்கு, கோடையில் வடக்கு என்று இடம் மாறுவதால் இவர்களைப் 'பனிப்பறவைகள்' என்றும் அழைப்பதுண்டு.

இவ்வழக்கம் நேற்று வந்ததல்ல. 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் கூடாரமடித்துத் தங்கிய கார்ப் பயணிகள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற சங்கத்தை அமைத்தனர். டின்னில் அடைத்த உணவை உண்டு ஊர் சுற்றியதால் வந்த பெயர் என்பர். 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதியோருக்கு மாதந்தோறும் பணம் வரத் தொடங்கியதும், ஒரே ஊரில் கிடக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. அரிசோனாவின் குவார்ட்ஸைட் என்னும் சின்னஞ்சிறு பாலைவன ஊரை இன்றும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வண்டிகள் சூழ்ந்துகொள்கின்றன. அங்குள்ள அரசு நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு பெற்றுத் தங்கலாம்.

சரி, வீடே இல்லாதவருக்குக் கடிதம் எங்கே வரும்? ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, வாக்குரிமை எல்லாவற்றுக்கும் முகவரி வேண்டுமே! ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் தம்பதியர் 1978-இல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' சங்கம் இதற்கு ஒரு வழி கண்டது. தப்பித்து வந்தவர்கள் என்பது பெயரின் பொருள். டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் நிலம் வாங்கி, முகாம் அமைத்து, உறுப்பினர்களின் கடிதங்களைப் பெற்று அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைத்தது. இதனால் அந்த ஊரில் வாழாத ஆயிரக்கணக்கானோர் அந்த ஊர்க்காரர்களாகிவிட்டனர். இவர்களுக்கு இங்கே ஓட்டு எதற்கு என்று உள்ளூரில் ஆட்சேபம் எழுந்ததில் வியப்பில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. கண் மங்கி, கை நடுங்கி, இனி வண்டி ஓட்ட முடியாது என்ற நாளில் என்ன செய்வது? வீட்டை விற்றாயிற்று. பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். முதியோர் இல்லத்துக்குப் போனால் வண்டியை விட வேண்டும். பலருக்கு அந்த வண்டிதான் எஞ்சியிருக்கும் ஒரே சொத்து, வாழ்க்கைத் துணையோடு சுற்றிய நினைவும் அதற்குள்தான் இருக்கிறது.

எனவே 1990களில் லிவிங்ஸ்டனிலேயே 'கேர்' என்ற மையம் எழுந்தது. முதியவர் தம் வண்டியை மையத்தின் அருகே நிறுத்தி அதிலேயே வாழ்வார். மூன்று வேளை உணவு பொதுக்கூடத்தில் கிடைக்கும். துணி துவைத்துத் தருவார்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வார்கள். வேலையில் கைகொடுக்க, இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும் உறுப்பினர்கள் சில வாரங்கள் வந்து தங்குவார்கள். அவர்களுக்கு வண்டி நிறுத்த இலவச இடம் உண்டு. நாளை தாங்களும் அதே வரிசையில் வண்டியை நிறுத்த வேண்டிவரும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன!

ஆனால் அது மருத்துவமனை அன்று. இரவும் பகலும் செவிலியர் பராமரிப்பு வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், அங்கிருந்தும் புறப்பட வேண்டியதுதான்.