மூச்சடக்கி இறங்கியவர்களும் சிலிண்டரோடு இறங்கியவர்களும்



அந்தமானில் ஸ்கூபா டைவிங் போன பழைய மாணவர் ஒருவர் வீடியோ அனுப்பியிருந்தார். ஆழமில்லாத கடல். பவளப்பாறையில் குகை போன்ற ஒரு வழியில் நுழைந்து மறுபக்கம் வருகிறார். கிளிமீன்கள் கூட்டமாகப் போகின்றன. "இதெல்லாம் எப்போ சார் ஆரம்பிச்சது?" என்று கேட்டிருந்தார். எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

கடலில் மூழ்குவது நமக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லோடு இறங்குவார்கள். மூச்சடக்கும் ஒரு நிமிடத்துக்குள் சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். சுற்றிப் பார்க்க நேரம் ஏது?

அந்த நேரத்தைக் கொடுத்தது 1943-இல் பிரான்சில் உருவான கருவி. கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியாளர் காஞானும் சேர்ந்து செய்தது. மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கேற்ற அழுத்தத்தில் சிலிண்டரிலிருந்து காற்று வரும்.

ஆனால் பார்க்க நேரம் கிடைத்ததும் மனிதனுக்குக் கருணை வந்துவிடவில்லை. 1956-இல் கான் விழாவில் உயரிய விருது பெற்ற கூஸ்தோவின் படத்திலேயே, மீன்களைக் கணக்கெடுக்கப் பவளப்பாறை அருகே வெடி வைக்கும் காட்சி உண்டு. அதே கூஸ்தோதான் பிற்காலத்தில் கடலைக் காக்க உலகமெங்கும் குரல் கொடுத்தார். பல்லாண்டு பார்த்ததால் வந்த மாற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

நம் கதையும் அப்படித்தான். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தோம். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பின்னும் திருட்டு நிற்கவில்லை. பாறைதான் அலைக்கு வேலி. வேலி போனதும் அலை தீவையே அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கடியில்.

இப்போது அதே கடலில் ஆராய்ச்சியாளர்கள் சிலிண்டரோடு இறங்கி, பவளத் துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டி வளர்க்கிறார்கள். பெரிய பாறையாகத் திரளும் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். வெட்டியது ஒரு தலைமுறை. வளர்ப்பதற்கு எத்தனை தலைமுறையோ!

எனவே பிள்ளைகளே, டைவிங் போங்கள், கண்ணாரப் பாருங்கள். பாறையில் கை வைக்காதீர்கள், கால் ஊன்றாதீர்கள். ஞாபகத்துக்கு என்று ஒரு சிறு துண்டுகூட எடுத்து வராதீர்கள்.